எல்லாக் கட்டத்திலும் டிக்

காலிக் கட்டம் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை.

காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத கூடத்தில், முப்பது பேரோடு உட்கார்ந்து நாளொன்றுக்கு நூற்று நாற்பது விண்ணப்பங்களைப் பார்ப்பாள். எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கு நான்காவது மாடியில் ஆட்கள் இருந்தார்கள். அவள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கட்டமாவது வெறுமையாக இருக்கிறதா? இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவள் கண்ணீர் காயாமல் நிரப்பி அனுப்பிய தாளில் பிறந்த தேதி விட்டுப்போயிருந்தாலும் 'முழுமையற்றது' என்று முத்திரை விழும். முதல் மாதம் அதைக் குத்தும் முன் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பாள். இப்போது டீ குடித்துக்கொண்டே குத்த வருகிறது.

வீட்டில் அவளுக்குப் பெயர் 'படிச்சவ'. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். பட்டம் வாங்கிய அன்று அப்பா பட்டறை முழுக்க மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் அன்றோடு தீர்ந்துபோனது. பெயர் தீரவில்லை, அந்தப் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த வேலையும் தீரவில்லை. மின்சாரக் கட்டணத் தாளிலிருந்து அண்ணன் பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பம் வரை, வீட்டுக்குள் நுழையும் எந்தக் காகிதமும் நேராக அவள் மடியில்தான் வந்து விழும். "படிச்சவ வரட்டும்" என்று அம்மா அதை எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்துவிடுவாள். களைத்துப்போய் வருகிறவள் செருப்பைக் கழற்றும் முன்பே அது தயாராகக் காத்திருக்கும்.

நிரப்பும் வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை, ஓர் அடி. பதினாறு வயதில் மாணவியர் விடுதிக்கு விண்ணப்பித்தாள். 'பெற்றோர் பணியிட முகவரி' என்று ஒரு கட்டம். அப்பா கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறை ஒரு பாலத்தின் அடியில் இருந்தது. பாலத்துக்கு ஏது கதவு எண்? கட்டத்தை அப்படியே விட்டாள். விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்குள் இடமும் போய்விட்டது. ஒரு வருஷம் இரண்டு பஸ் மாறிப் படித்தாள். அன்றைக்கு அப்பா, கை நகமெல்லாம் நீலப் பெயின்ட்டாக, வாசலில் குந்தியபடி சொன்னார்:

"இனிமே ஒரு கட்டத்தையும் சும்மா விடாதே, கண்ணு. நமக்கு வேணுமா வேணாமான்னு யோசிக்காதே. எல்லாத்தையும் கேட்டுடு. குடுக்கறதும் குடுக்காததும் அவன் பாடு. நாம கேக்காம விட்டோம்னு மட்டும் இருக்கக் கூடாது."

அன்றிலிருந்து அவள் ஒரு கட்டத்தையும் விட்டதில்லை.

அந்த அப்பாவின் நுரையீரலை முப்பது வருஷப் பெயின்ட் தின்றுவிட்டது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடித்தார்; துணி எவ்வளவு தடுக்கும்? இப்போது வீட்டு மூலையில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் ராத்திரி பகல் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீண்ட குழாய் மூக்கில் இருக்க, அப்பா அடுப்படி வரை போவார். குழாய் அவ்வளவுதான் எட்டும். "மாட்டுக்குக் கயிறு நீளம், எனக்குக் குழாய் நீளம்" என்று சிரிப்பார். சிரித்து முடிக்க இரண்டு நிமிஷம் ஆகும்.

போன வருஷம் பெரியப்பா போனார். போனார் என்றா சொல்வது? பத்தொன்பது நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். தொண்டைக்குள் இறக்கிய குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்த அப்பா பஸ் நிறுத்தத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூச்சு நின்னா நின்னுட்டுப் போவுது. என்னை அப்படிக் கட்டிப்போட மட்டும் விட்டுடாதே" என்றார். அவள் சரியென்றாள்.

எனவே, நுரையீரல் கிளினிக்கிலிருந்து அம்மா ஒரு தாள் கட்டை வாங்கி வந்தபோது அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆறு பக்கம்.

"சிஸ்டர் என்னென்னமோ சொல்லுச்சு. நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். அடுத்த தடவை கொண்டாரணுமாம்" என்றாள் அம்மா. அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவள். சொல்லும்போதே உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தாள்.

"நீ கேட்டுட்டு வரக் கூடாதா?"

"கேட்டா மட்டும் எனக்கு வெளங்கிடுமா? அதான் வீட்டுல ஒருத்தி இருக்கியே."

எரிச்சல் வந்தது. நூற்று நாற்பது விண்ணப்பம் பார்த்த கண்ணுக்கு நூற்று நாற்பத்தொன்றாவது. பேனாவைத் திறந்து நிரப்பினாள். பெயர், வயது, முகவரி, ரத்த வகை. மூன்றாம் பக்கத்தில் ஏழு வரிகள், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கட்டம். 'நீங்கள் விரும்பும் சிகிச்சைகளை மட்டும் டிக் செய்யவும்.' டிக், டிக், டிக், டிக், டிக், டிக், டிக். ஐந்தாம் பக்கத்தில், 'உங்களால் பேச முடியாத நிலையில் உங்களுக்காக முடிவு சொல்பவர்.' யோசிக்காமல் தன் பெயரை எழுதினாள். வேறு யார் பெயரை எழுதுவது? கையெழுத்துக்குரிய இடங்களில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டாள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். அந்த நான்கு எழுத்தையும் படம் வரைவது மாதிரி வரைவார்.

"எங்க போடணும்?"

"பென்சில் இருக்கற இடத்துல."

போட்டார். சாட்சிக்கு மாடி வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டரும் எதிர்வீட்டுத் தையல்காரரும் வந்தார்கள். "என்னம்மா, சொத்து எழுதறாரா உங்கப்பா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஆமா, மூணு ஸ்ப்ரே துப்பாக்கி இருக்கு, ஆளுக்கு ஒண்ணு" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். ஆறு பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒருத்தியும் படிக்கவில்லை. களைப்பு ஒரு காரணம். அதைப் படித்தால் அப்பா சாகப்போவதைப் படித்ததாகிவிடும் என்பது இன்னொரு காரணம். அதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவள் கடித்துக் குதறியிருப்பாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா போன் செய்தாள். அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது என்றாள்.

அம்மா தாளைக் கொடுத்த கிளினிக் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வார்டில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூக்குக் குழாய்க்குப் பதிலாக மூக்கையும் வாயையும் மூடி இறுக்கிய முகமூடி. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. அவளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கி, 'ஆபீஸ் இல்லையா?' என்று கேட்டது.

இளவயது டாக்டரம்மா அவளையும் அண்ணனையும் தாழ்வாரத்துக்கு அழைத்தாள். அண்ணன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். கம்பெனிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான்.

"தொற்று ரெண்டு பக்கமும் இருக்கு. முகமூடியில சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். முன்னேறலைன்னா தொண்டையில குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைப்போம். அவர் நுரையீரல் இருக்கற நிலைமையில, திரும்ப அதை எடுக்க முடியுமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஆனா அவர் தெளிவா எழுதிக் குடுத்திருக்கார். எல்லாம் செய்யணும்னு" என்று கோப்பைத் திறந்து காட்டினாள்.

மூன்றாம் பக்கம். ஏழு கட்டம், ஏழு டிக். நடுவில் லேசாக வளைந்து வால் நீண்ட டிக். அலுவலகத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று போடுகிற அதே டிக்.

இந்தத் தடவை படித்தாள். 'இதயம் நின்றால் மார்பை அழுத்தி இயக்குதல். செயற்கை சுவாசக் கருவி. தேவைப்பட்டால் கைகளைக் கட்டுதல்.'  பெரியப்பாவின் கட்டில் கம்பியும் அந்தத் துணி முடிச்சும் கண் முன்னால் வந்தன. அப்பா விட்டுடாதே என்று சொன்னதை அவள் நடக்க விட்டது மட்டுமல்ல, கேட்டே வாங்கியிருந்தாள்.

"டாக்டர், இது அவர் எழுதினது இல்ல. நான் எழுதினது. அவருக்கு மெஷின் வேணாம்."

டாக்டரம்மா பதில் சொல்லுமுன் அண்ணன் திரும்பினான். "என்னடி பேசற நீ? கையெழுத்து அவரோடதுதானே?"

"கையெழுத்து அவரோடது. டிக் என்னோடது. நான் படிச்சே காட்டலை."

"அஞ்சு வாரமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? இப்போ மூச்சு இழுக்கும்போதுதான் ஞாபகம் வருதா?"

"அண்ணா, பெரியப்பாவைப் பார்த்துட்டு வந்து அவர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது. எனக்கு எதுதான் தெரியும்? எல்லாம் உங்கிட்டதானே சொல்லுவாங்க, படிச்சவகிட்ட." அவன் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தம் போட்டான். "நல்லா இருக்குடி. பெத்த அப்பனுக்கு மெஷின் போடாதேன்னு சொல்ல ஒரு பட்டம் வேற வாங்கியிருக்க. ஏன், லீவு கிடைக்கலையா உனக்கு?"

அடிக்கத் தோன்றியது. அவனையா, தன்னையா, அந்தத் தாளை இப்படி அச்சடித்தவனையா என்று தெரியவில்லை. யாருக்காக இதை அச்சடித்தான்? வேண்டாம் என்று சொல்லிப் பழகினவர்களுக்காக. அவர்களுக்குக் கட்டத்தை வெறுமையாக விடத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கேட்டு நின்றவன் வீட்டில், காலிக் கட்டம் என்றால் பறிபோன ஒன்று. ஆனால் இதையெல்லாம் தாழ்வாரத்தில் நின்று அச்சடித்தவனுக்குச் சொல்ல முடியாது. படித்துக் காட்ட அவனா வருவான்? வர வேண்டியவள் இங்கேதான் நின்றாள்.

டாக்டரம்மா கோப்பை மூடினாள். "ரெண்டு பேரும் சண்டை போடறதால ஒண்ணும் ஆகப் போறதில்லை. அவர் நினைவோட இருக்கார். அவர் சொன்னா இந்தத் தாளை இப்பவே மாத்தலாம். குடும்பத்துல இல்லாத ரெண்டு சாட்சி வேணும். நானும் வந்து நிப்பேன். ஆனா சாயங்காலத்துக்கு மேல அவரால பேச முடியும்னு சொல்ல மாட்டேன்."

புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஆறு பக்கம். எல்லாக் கட்டமும் காலி.

அப்பாவின் கட்டில் அருகே போய் நின்றவளுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பை மடிக்கிற கை; அதே ஒழுங்கோடு பெருவிரலிலிருந்து குதிகால் வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை.

"அப்பா. அன்னிக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினேனே. அதை நான் படிக்காமலே நிரப்பிட்டேன். மெஷின், குழாய், கையைக் கட்டறது, எல்லாம் வேணும்னு டிக் போட்டுட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். முகமூடிக்குள் ஏதோ நடந்தது. மூச்சுத் திணறுகிறார் என்று நினைத்து அவள் நர்ஸைக் கூப்பிடத் திரும்பினாள். திணறல் இல்லை, சிரிப்பு. முகமூடியை ஒரு விரலால் தூக்கி, மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார்.

"எல்லாத்தையும்... கேட்டுட்டியா?"

"ம்."

"நான்... சொல்லிக்... குடுத்ததுதானே."

அவளுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. டாக்டரம்மா வந்து நின்றாள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரும், அடுத்த கட்டிலில் இருந்த சைக்கிள் கடைக்காரரின் மனைவியும் சாட்சிக்கு வந்தார்கள். "படிச்சுச் சொல்லும்மா, எனக்கும் கேக்கற மாதிரி. எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் வேணும்" என்றாள் அந்த அம்மா.

அவள் படித்தாள். அச்சில் இருந்ததைப் படித்து, பிறகு அதையே அடுப்படியில் பேசுகிற மாதிரி சொன்னாள். இதயம் நின்றால் நெஞ்சில் ஏறி அழுத்துவார்கள், விலா எலும்பு முறியலாம். வேண்டுமா? அப்பா விரலை இடமும் வலமும் ஆட்டினார். கட்டத்தை வெறுமையாக விட்டாள். கை தானாகப் பேனாவைக் கொண்டுபோனது, இழுத்துப் பிடித்தாள். தொண்டைக் குழாய், மெஷின். விரல் ஆடியது, இன்னும் வேகமாக. கையைக் கட்டுவது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலை ஆட்டினார். இந்த முகமூடி, ஆக்ஸிஜன்? கட்டைவிரலை உயர்த்தினார். டிக். தொற்றுக்கு ஊசி? டிக். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு? அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்றார். மூச்சு முட்டாமல் இருக்க மருந்து, அதனால் தூக்கம் கூடலாம்?

முகமூடியைத் தூக்கினார். "அதுக்கு... ரெண்டு டிக்."

சைக்கிள் கடைக்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் சுவரைப் பார்த்தபடி நின்றான். மூன்று டிக், நான்கு காலி. அவள் தன் வாழ்க்கையில் அதுவரை விட்ட காலிக் கட்டம் ஒன்றே ஒன்று. இப்போது ஒரே மத்தியானத்தில் நான்கு.

ஐந்தாம் பக்கம். "உங்களால பேச முடியாதப்போ, டாக்டர் யார்கிட்ட கேக்கணும்? போன தடவை என் பேரை எழுதியிருந்தேன்." பேனாவைக் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தாள். தன் பெயரின் முதல் எழுத்துக்கு மேல்வளைவு கூட விழுந்துவிட்டது.

அப்பா தன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கையைக் காட்டினார்.

"அம்மாவா?"

தலையசைத்தார்.

"அப்பா, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே. டாக்டர் பேப்பரை நீட்டினா என்ன செய்வா?"

முகமூடியைத் தூக்கினார். இந்தத் தடவை முன்கூட்டியே மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னார். "அவ என்னைப் பாப்பா. நீ... பேப்பரைப் பாப்ப."

கோபமில்லை அந்தக் குரலில். 'குழாய் இவ்வளவுதான் எட்டும்' என்று சொல்கிற குரல். அதனால்தான் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் சுமந்ததற்கு இதுவா பதில் என்று ஒரு மனம் கத்தியது. இனிமேல் இது உன் தலையில் இல்லை என்று இன்னொரு மனம் உட்கார இடம் தேடியது. அவள் தான் போட்ட வளைவை அடித்தாள். பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதினாள். டாக்டரம்மா அடித்தலின் அருகே சுருக்கொப்பம் போட்டாள். அலுவலகத்தில் அடித்தல் இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும்.

அப்பா நான்கு எழுத்தை வரைந்தார். மூன்றாவது எழுத்தில் ஓய்வெடுத்துக்கொண்டு நான்காவதை முடித்தார். சாட்சிகள் போட்டார்கள்.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மெஷின் வேணாம்னா... அவ்ளோதானாப்பா?"

அப்பா கையை நீட்டினார். அவன் வந்து பிடித்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உருவம் கட்டிலின் ஓரத்தில் மடங்கி உட்கார்ந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டான். மன்னிப்பெல்லாம் அந்த வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள்.

"இல்ல."

"வாங்கிட்டு வரேன். அம்மாவுக்கும்." அப்பாவின் கையை விடாமல்தான் சொன்னான். எழுந்து போகவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. 'முடிவு சொல்பவரின் ஒப்புதல்.' அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மைப்பெட்டிக்குக் கட்டைவிரலை நீட்டினாள். எத்தனையோ தாளுக்கு நீட்டிய விரல்.

"எங்கடி வைக்கணும்?"

அவள் மைப்பெட்டியை எட்ட நகர்த்தி வைத்தாள். கண் எரிந்தது. காலையிலிருந்து நின்ற காலும் கடுத்தது. இன்னொரு ஸ்டூலை இழுத்து அம்மாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஆறு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"இரு. முதல்ல படிக்கறேன். புரியலைன்னா தலைய ஆட்டாதே, கேளு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"மெதுவாப் படி" என்றாள்.